நூல் பாக்கியை வசூலிக்க சிவில் வழக்கு: தொடங்குபவர்களுக்கான வழிமுறை

திருப்பூர், ஈரோடு, சோமனூர் பக்கங்களில் நூலும் துணியும் பெரும்பாலும் கடனுக்கே கைமாறுகின்றன. அப்படிக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் நின்றுபோனால், வழக்கறிஞர் துணையோடு சிவில் வழக்குத் தொடுப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன். காசோலை திரும்பிய விவகாரத்துக்குக் குற்றவியல் வழி தனியாக உண்டு. அது இதில் சேராது.

படி 1: தேதிகளைக் கணக்கிடுதல்

சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. அந்தக் காலம் கடைசி பில்லிலிருந்து மொத்தமாகத் தொடங்குவதில்லை. கெடு பேசாத பில்லுக்குச் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், 60 நாள் கடன் என்று பேசிய பில்லுக்கு அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்தும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓடுகிறது. இருவரும் மாறிமாறிச் சரக்குக் கொடுத்து வாங்கிய பரஸ்பரக் கணக்குக்கு மட்டும் விதி வேறு.

நடுவில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வந்த பணம் காலத்தை நீட்டிக்கும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நீட்டிக்கும்தான், ஆனால் அது மூன்று ஆண்டு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும், கொடுத்தவர் கைப்பட எழுதியதோ கையொப்பமிட்டதோ ஆன சான்றும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. ஆகவே ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படி பாக்கித் தொகையைக் குறித்து, எதிர்த்தரப்பின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கி வைப்பதே பாதுகாப்பு. பிரிவு 18-ன்படி, கையொப்பமிட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். "சொந்தபந்தமாச்சே, கையெழுத்து எப்படிங்க கேக்கறது?" என்ற தயக்கம் நம் பக்கத்தில் அதிகம், ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லி வாங்கிவிடலாம்.

இந்தக் கணக்குக்கு டேலியை விட எக்செல் தாளையே நான் விரும்புகிறேன். பில் எண், தேதி, கெடு, காலாவதித் தேதி என்ற நான்கு பத்திகள் போதும்.

படி 2: வழக்கறிஞரும் நோட்டீஸும்

வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்குமோ அங்கே அன்றாடம் ஆஜராகும் வழக்கறிஞரையே தேர்ந்தெடுங்கள். ஜி.எஸ்.டி. பில், லாரி ரசீது, இ-வே பில் ஆகியவற்றின் மூலப் பிரதிகளோடு செல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாகக் காட்டுவதாக இருந்தால், பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி அது எந்தக் கருவியில் இருந்தது என்று காட்டும் சான்றிதழ் இணைக்க வேண்டியிருப்பதால், அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். வக்காலத்தில், அதாவது உங்களுக்காக ஆஜராக வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், கையொப்பமிட்டதும் பாக்கியைக் கேட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும்.

படி 3: வழக்குக்கு முந்தைய சமரசம்

வியாபாரிகளுக்கிடையிலான சரக்கு விற்பனைத் தகராறு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அது வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். தடையுத்தரவு போன்ற அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில், முதலில் சமரச முயற்சி செய்தாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டதால், இதைத் தாண்டிச் சென்று தாக்கல் செய்யும் வழக்குரை (வழக்கு மனு) நிராகரிக்கப்படும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். எதிர்த்தரப்பு வராவிட்டால் அதைக் குறித்து அறிக்கை தருவார்கள், அதை வழக்குரையோடு இணைக்கலாம். சமரசத்தில் செலவான காலம் மூன்றாண்டுக் கணக்கில் சேராது.

படி 4: தாக்கல்

தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். வழக்குரையில் உள்ள தொகை, தேதி ஒவ்வொன்றையும் உங்கள் எக்செல் தாளோடு ஒப்பிட்ட பிறகே கையொப்பமிடுங்கள். வழக்குப் பதிவானதும் அந்த வழக்குக்கென்றே தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் சேமித்துவிட்டால், வாய்தா தேதிக்காக வழக்கறிஞரின் குமாஸ்தாவைத் துரத்த வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: பங்குதாரர் நிறுவனம் நடத்துபவர்கள் சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். 1932-ஆம் ஆண்டின் பங்காண்மைச் சட்டம் பிரிவு 69-ன்படி, பதிவு செய்யாத நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது வழக்குத் தொடுக்க முடியாது. தாக்கல் செய்த பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்குத் தேறாது. ஆகவே பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு, வழக்குத் தொடுக்கும் பங்குதாரர்களின் பெயர்கள் நிறுவனப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்பதையும் நோட்டீஸ் அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.