முல்லைப் பெரியாறு முதல் தேவிகுளம் வரை: விக்கிப்பீடியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு என்று எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பாசத்தோடுதான் வருகிறார்கள். வந்த வேகத்தில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாறி மாறி மாற்றும் திருத்தப் போரில் மாட்டி, எழுதியது நீக்கப்பட்டதும் வெறுத்துப்போய் விலகிவிடுகிறார்கள். இந்த ஊர்களைப் பற்றி எழுத ஆளே குறைவு என்பதால் அது பெரிய இழப்பு.

தகராறு பல சமயம் முதல் வரியிலேயே தொடங்கிவிடும். முல்லைப் பெரியாறு அணையை ஒருவர் "தமிழ்நாட்டின் அணை" என்று எழுதுவார். இன்னொருவர் "கேரள அணை" என்று மாற்றுவார். "கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள இந்த அணையை, 1886-ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு இயக்கிப் பராமரிக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். அணை எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எந்த உரிமையில் என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. மாற்ற வருகிறவருக்கும் பிடி கிடைக்காது.

நீர்மட்டக் கணக்கிலும் இதே கதைதான். 136, 142, 152 என்று மூன்று எண்கள் மாறி மாறி வரும். மூன்றுமே சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். 152 அடி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் அனுமதித்தது. உடனே கேரளம் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று வரம்பு வைத்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே 7-ல் தீர்ப்பு வந்தது. எண்ணோடு ஆண்டையும், சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் சண்டை ஓயாது.

அடுத்தது, கொஞ்சம் மனம் வலிக்கும் விஷயம். அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அதைக் கட்டினார் என்று எங்கள் பள்ளத்தாக்கில் சொல்லாதவர் இல்லை. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். அந்த நன்றியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொத்தை விற்றார் என்பதை வரலாற்று உண்மையாகக் கட்டுரையில் ஏற்ற, அந்தக் காலத்துப் பதிவு வேண்டும். திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாறு 1899-ல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. செலவுக் கணக்குக்குப் பார்க்க வேண்டியது அதுபோன்ற பதிவுகளைத்தான். நேற்றைய நாளிதழின் சிறப்புக் கட்டுரை இதற்குப் போதாது. அதை எழுதிய செய்தியாளரே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருக்கலாம். பிறகு நாம் அதையே சான்றாகக் காட்டினால், நம் வாய்ச்சொல் நமக்கே சாட்சியாகத் திரும்பி வருகிறது. அதற்காகக் கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம். "என்று இப்பகுதி மக்கள் நம்புகின்றனர்" என்று, அந்த நம்பிக்கையைப் பதிவுசெய்த சான்றோடு எழுதலாம்.

மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த முடிவு எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. தீர்ப்பு என்ன உத்தரவிட்டது என்பதற்குத் தீர்ப்பே சான்று. அதிலிருந்து நாம் பிழிந்தெடுக்கும் வாதத்துக்கு அது சான்றாகாது. விக்கிப்பீடியா இதைச் சொந்த ஆய்வு என்று நீக்கிவிடும். தேவிகுளம், பீர்மேடு பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். அவை தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய ஆதங்கம். ஆனால் கட்டுரையில் இடம்பெற வேண்டியது நடந்தது மட்டுமே. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அந்தக் கோரிக்கையை வைத்தது, மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையில் அதை ஏற்கவில்லை, 1956 நவம்பர் 1 முதல் அவ்விரு வட்டங்களும் கேரளத்தில் இருக்கின்றன.

எதிரில் இருப்பவர் மலையாளி என்று தெரிந்ததும் "நீங்கள் பக்கச்சார்பாக எழுதுகிறீர்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆளை விட்டுவிட்டு வரியைப் பற்றிப் பேசுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் (மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால்), உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும் தடை வரலாம். மலையாள விக்கிப்பீடியாக் கட்டுரையும் சான்றாகாது. ஆனால் அதன் அடியில் உள்ள நூல்களையும் செய்திகளையும் எடுத்துப் படிக்கலாம். இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவர்கள் குமுளிப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். இந்த வேலையை அவர்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

ஒருமுறை மீளமைக்கப்பட்டால், மறுபடி மாற்றாமல் நேரே அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் சேர்க்க விரும்பும் வரி, நூலின் பெயர், பக்க எண், அந்தப் பக்கத்தில் உள்ள மூல வாக்கியம் ஆகியவற்றை அங்கே இடுங்கள். சில நாள் பொறுங்கள். பதிலே வராவிட்டாலோ, பேசித் தீராவிட்டாலோ, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் அந்த உரையாடலுக்கு இணைப்புக் கொடுத்து மற்றவர்களின் கருத்தைக் கேளுங்கள்.