காட்டு ரோட்டுக்கு ஜீப்பில சாமான் ஏத்தேக்க

மாரிக்கு வன்னியில ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டு ரோட்டால போறவை, புதைஞ்ச வாகனத்தை இழுக்கிற பெல்ட், அதைக் கொழுவுற இரும்பு வளையம் (ஷக்கிள்), மண்வெட்டி எல்லாத்தையும் கடைசியா ஏத்திப் பின்கதவுக்குக் கிட்ட வையுங்கோ. நான் ஒருக்கா ரென்ற், சட்டி பானை எல்லாத்துக்கும் அடியில பெல்ட்டை வச்சிட்டு, சில்லு அரைவாசி புதைஞ்சாப்பிறகு கொட்டுற மழைக்குள்ள முழுச் சாமானையும் சேத்தில இறக்கினன், பாய் தலகாணி ஒண்டும் நனையாம மிஞ்சேல்லை. தண்ணிக் கான் மாதிரிப் பாரமானதுகள் சீற்றுக்குப் பின்னால, கீழ, இறுக்கிக் கட்டி. மேல ராக்கில தறப்பாள், பாய் போல லேசானது போதும், பாரம் ஏத்தினா சரிவில வாகனம் பிரளப் பாக்கும். வாகனத்தைத் தூக்கிற ஜக்குக்கு அடியில வைக்க தடிச்ச பலகைத் துண்டு ஒண்டும் போடுங்கோ, ஈரக் களியில ஜக்தான் முதல்ல கீழ இறங்கும். பெல்ட்டை டோ போலில, அதுதான் ட்ரெயிலர் கொழுவுற பின்பக்கக் குமிழில, ஒருநாளும் கொழுவாதேங்கோ, அந்தக் குமிழ் உடைஞ்சு பறந்தா ஆளைக் கொல்லும்.