மௌனமான தெருவிளக்குகளை நேரப்படி அடுக்குங்கள்

கட்டுப்பாட்டுத் திரையில் பல தெருவிளக்குகள் ‘தொடர்பு இல்லை’ என்று காட்டினால், ஏணி வண்டியை அனுப்பும் முன் அந்தப் பட்டியலைக் கடைசியாகத் தகவல் வந்த நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். எல்லாம் ஒரே தகவல் சுற்றுக்குள் (ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம்) மௌனமாகியிருந்தால், கம்பத்தில் ஏற வேண்டிய வேலையே பெரும்பாலும் இல்லை. அந்த வரிசைக்கு மின்சாரம் தரும் மின்பெட்டியையோ, விளக்குகளின் தகவலைத் திரட்டி மையத்துக்கு அனுப்பும் கேட்வேயையோ பாருங்கள். நேரங்கள் சிதறிக் கிடந்தால்தான் தனித்தனிக் கோளாறு.

காரணம் எளிது. தகவல் அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு விளக்கிலும் உண்டு; அதற்கும் விளக்குக்கும் மின்பெட்டியிலிருந்து வரும் ஒரே மின்இணைப்புதான். மின்பெட்டியில் மின்சாரம் போனால் வரிசை முழுவதும் சேர்ந்தே அடங்கும். மெஷ் வலையமைப்பில் ஒரு கருவியின் செய்தி பக்கத்துக் கருவிகள் வழியாகத்தான் கேட்வேக்குப் போகிறது. மாற்று வழியில்லாத தெருக்கோடியில் நடுவில் ஒன்று செயலிழந்தாலே, அதற்குப் பின்னால் உள்ளவை நலமாக இருந்தும் காணாமல் போகும். இருட்டியபின் ஒரு பார்வை போதும்: விளக்கு எரிகிறது, தகவல் மட்டும் இல்லை என்றால் கோளாறு தகவல்தொடர்பில்தான். தொடர்பு அறுந்தால் எரியவிடும்படி அமைப்பதே பொது வழக்கம்.

பகலில் மின்பெட்டியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தெருக்களில் இந்த நேர வரிசை பலிக்காது. அங்கே தினமும் காலையில் எல்லாமே மௌனம். ஒவ்வொரு விளக்கிலும் தனி சிம் இருந்தால் பக்கத்துக் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். கம்ப எண்கள் தாறுமாறாகப் பதிவாகியிருந்தால் (பல இடங்களில் அப்படித்தான்) முதலில் ஒவ்வொரு விளக்காக மங்கச் செய்து, எது எந்தக் கம்பம் என்று நேரில் சரிபாருங்கள்.