தோள்பட்டை போனால் கண்ணாடியை எப்படிப் பார்ப்பது?

கோத்தகிரியில் சலூன் வைத்திருக்கிறேன். 18 வருடமாகக் கண்ணாடியைப் பார்த்தே பிழைப்பு. காலையில் ஜிம்முக்குப் போனால் அங்கேயும் சுவர் முழுக்கக் கண்ணாடி. ராத்திரியானால் பேய்ப் படம், அதில் பாதிக்குப் பாதி பேய் கண்ணாடிக்குள்ளிருந்துதான் எட்டிப் பார்க்கும். போன ஐப்பசியில் வலது தோள் போனபோது இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டன. உங்களுக்கும் அப்படி ஆனால் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அடிபட்ட கதை சின்னதுதான். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. காலை ஆறு மணி, வெளியே மழை, உடம்பு சூடேறவே இல்லை. வழக்கமாக 10 கிலோ டம்பெல் தூக்குகிறவன், பக்கத்தில் ஒரு தம்பி நின்று பார்க்கிறான் என்று 15-ஐ எடுத்தேன். கண்ணாடியில் கையைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை தலைக்கு மேலே போகும்போது தோளுக்குள் சணல் கயிறு இழை பிரிந்த மாதிரி இருந்தது.

முதலில், சுளுக்கு எடுக்க ஆள் தேடாதீர்கள். ஆயிரம் பேருக்குக் கழுத்தில் நெட்டி எடுத்துவிட்டவன் நான், நானே சொல்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் அன்று சாயங்காலம் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை வலி, அதற்கப்புறம் நரகம். (கழுத்து நெட்டி எடுப்பதையும் இப்போது விட்டுவிட்டேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கை வரவில்லை.)

கை எழவே இல்லை, விரல் மரத்துப்போகிறது, தோளின் வடிவமே மாறியிருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் நாலாம் நாள் பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிற நாலு தசைகளை ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். அதில் மேலே இருப்பது சுப்ராஸ்பினேட்டஸ். அதன் நாணில் சின்னக் கிழிசல், ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார்.

ஐஸ் வைப்பதைப் பற்றி எல்லோரும் ஒன்று சொல்வார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978-ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். பின்னாளில் அவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டார். வலி தாங்காத முதல் ஓரிரு நாள் துணி சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், அவ்வளவுதான். மழை பெய்கிற கோத்தகிரியில் அதற்குமேல் யாருக்கு மனசு வரும்? அப்புறம் எனக்கு வெந்நீர்ப் பைதான்.

கஷ்டம் ராத்திரிதான். இந்த வலி படுத்தால் கூடும். நல்ல தோள் பக்கம் ஒருக்களித்து, அடிபட்ட கையைத் தலையணைமேல் வையுங்கள், கை மார்புக்கு குறுக்கே தொங்கக் கூடாது. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் சுவரோடு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்து ஒரு மாதம் பேய்ப் படமாகப் பார்த்துத் தள்ளினேன். "என்னங்க, வலிக்குப் பயந்து பேயைக் கூப்பிடறீங்களா" என்று வீட்டில் கேட்டார்கள்.

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. என் கடையில் கண்ணாடி வழியாக ஒருவர் கண்ணை நான் பார்த்தால், அவர் அதே கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சினிமாவிலும் அதே கணக்குதான். கதாநாயகி கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதாகக் காட்டுகிறார்கள், ஆனால் அவள் கண் நேராக நமக்குத் தெரிகிறதென்றால், அவள் பார்ப்பது கேமராவை, அதாவது நம்மை. பின்னால் பேய் வருவதற்கு முன்பே முதுகு சில்லிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். பயந்து தூக்கம் கெட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பெண் முன்னால் நிற்பது ஒரு கேமராக்காரர்.

இன்னொன்று, கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தியோடு கண்ணாடி முன்னால் நின்று தோளை ஆராயாதீர்கள். நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் முகம் கோணி, எங்கள் தாத்தா சாயலில் யாரோ தெரிந்தார். அப்புறம் படித்தேன்: இத்தாலியில் ஜோவன்னி கபூட்டோ என்பவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்திருக்கிறார். 66 சதவீதம் பேருக்குத் தங்கள் முகமே கோரமாக மாறியிருக்கிறது, 28 சதவீதம் பேருக்கு முன்பின் தெரியாத ஆள் தெரிந்திருக்கிறார். கண் அசையாமல் ஒன்றையே பார்த்தால் ஓரத்தில் இருப்பது மங்கிவிடும், மீதியை மூளை இட்டு நிரப்பும் என்பது ஒரு விளக்கம். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் பார்த்தது இதைவிட மோசம். சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினேன். இடது கை எழுந்தது. வலது பக்கம் கைக்குப் பதில் தோள்தான் காதை நோக்கி எழுந்தது. நான் ஒன்று செய்கிறேன், அவன் ஒன்று செய்கிறான். பேய்ப் படத்தில் பிம்பம் ஒரு நொடி பிந்தித் திரும்புமே, அந்தப் பயம். வீட்டுக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டுவிட்டேன். கடையில் போட முடியுமா? பிராக் நகரத்து மாணவன் என்று 1913-ல் வந்த ஊமைப் படம் ஒன்று. அதில் தன் பிம்பத்தை விற்ற ஒருவன் கடைசியில் அதைச் சுடுவான், குண்டு பாய்வது இவன் நெஞ்சில்.

துண்டை எடுக்கச் சொன்னது பிசியோதெரபி பார்த்த பெண். உங்கள் மூஞ்சியை விடுங்கள், தோளை மட்டும் பாருங்கள் என்றார். முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், என் யோசனைதான். கையைத் தூக்குங்கள். தோள் காதுப் பக்கம் ஏறத் தொடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். அன்றைக்கு அதுதான் எல்லை. மறுநாள் அரை அங்குலம் கூடும், சில நாள் குறையும்.

முதல் வாரங்களில், குனிந்து நல்ல கையால் மேசையைப் பிடித்து, மற்ற கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. அப்புறம் சுவரில் விரலால் நடந்து ஏறுவது, முழங்கையை மடக்கிச் சுவரை அழுத்துவது, கடைசியில் ரப்பர் பட்டை. வலிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் வரை போகலாம், மறுநாள் காலை அது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் பாதியாகக் குறையுங்கள். மலைக்குளிரில் காலை எழுந்ததும் செய்யாதீர்கள், சுடுதண்ணீரில் குளித்த பிறகு செய்யுங்கள்.

வேலைதான் எனக்குத் தலைவலி. இந்தக் காயத்துக்கு அதிகம் வலிப்பது கை பக்கவாட்டில் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை எழும்போது. முடி வெட்டுகிறவன் கை நாள் முழுக்க இருப்பதே அங்கேதான். தீபாவளிக்கு ஆள் வைத்தேன், வந்த லாபம் அவருக்கே போனது. அதற்கப்புறம் நாற்காலியைக் கடைசிவரை இறக்கி, முழங்கை விலாவை விட்டு விலகாமல் வெட்டப் பழகினேன். உங்கள் வேலை எதுவானாலும் முழங்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அலமாரியில் மேல்தட்டுச் சாமானைக் கீழே இறக்குங்கள்.

மூன்று மாதம் கழித்து ஜிம்முக்குப் போனேன். 2 கிலோவில் தொடங்கி இப்போது 5-ல் நிற்கிறேன். அதே தம்பி பக்கத்தில் 20 தூக்குகிறான். நான் கண்ணாடியில் என் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.