ஆள் கடலில் விழுந்தால்: படகில் என்ன இருக்க வேண்டும்

என் படகில் ஏறுகிறவர்களுக்கு முதலில் ஏணியைத்தான் காட்டுவேன். விழுந்தவரை நெருங்குவதைவிட, நனைந்து கனக்கும் ஆளை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. கடைசிப் படி நீருக்குள் நன்றாக இறங்க வேண்டும். தண்ணீரில் இருப்பவரே அதை இழுத்து இறக்க முடிய வேண்டும். பாய்மரப் படகென்றால் பாயேற்றும் கயிற்றையும் வின்ச்சையும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்துத் தூக்கலாம். கரையில் கட்டியிருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள், தோள் வலிக்கும்.

லைஃப் ஜாக்கெட் 150 நியூட்டன் மிதப்பு விசை உள்ளது, தொடைப் பட்டையோடு. பட்டை இல்லையென்றால் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும். தானாக ஊதும் வகை என்றால், வாயுக் குப்பி இறுக்கமாக இருக்கிறதா என்று புறப்படுமுன் முறுக்கிப் பார்ப்பேன்.

மோட்டார் படகு ஓட்டுபவர் கில் கார்டை (அவர் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும் கயிறு) தன் உடலில் மாட்டாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. அது இல்லாமல் ஓட்டுபவர் விழுந்துவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரக்கூடும்.

எறிகயிறு மிதக்கும் வகை, 20 மீட்டராவது, பின்புறத்தில் கைக்கெட்டும் இடத்தில். லாக்கரின் அடியில் கிடந்தால் அது வெறும் சுமை.

யாராவது விழுந்ததும் ஒருவர் அவரைக் கைகாட்டியபடி கண்ணெடுக்காமல் பார்க்கட்டும். இன்னொருவர் ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் எம்ஓபி (மேன் ஓவர்போர்ட்) பொத்தானை அழுத்தட்டும். அருகில் வந்ததும் கியரை நியூட்ரலில் போடுங்கள், பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஏணியை இறக்குங்கள்.