டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிற்பகல் 1 மணிக்குப் புறப்பாடு, லண்டன் ஹீத்ரோவில் இரவு 7 மணிக்கு வருகை. மார்கழிப் பயணத்துக்கான இந்த டிக்கெட்டைப் பார்த்த பெரியம்மா, “ஆறு மணித்தியாலம்தானே” என்று நீரிழிவு மாத்திரையில் ஒரு வேளைக்கு உரியதை மட்டும் கைப்பையில் முடிந்து வைத்தார். மிகுதி பெரிய பெட்டிக்குள். நல்லவேளை, வீட்டிலேயே கண்டுவிட்டோம்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், கோடையில் நாலரை. அதையும் கூட்டினால் உண்மையான பயணம் பதினொன்றரை மணித்தியாலம். தூரமே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் அல்லவா! திரும்பும்போது மேல்காற்று பின்னிருந்து தள்ளுவதால் நேரம் சற்றுக் குறையும்.

வன்னியில் இருக்கும் நமக்குத் தரைவழிக் கணக்கும் உண்டு. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வாகனத்தில் ஏழு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். நள்ளிரவு விமானத்தில்தான் பலர் திகதியில் தவறுகிறார்கள். 15ஆம் திகதி 00.45 என்றிருந்தால், வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைப்பது 14ஆம் திகதி பிற்பகலிலேயே நடந்துவிட வேண்டும்.