பக்கக் கணக்கில் ஒரு மாத வாசிப்புத் திட்டம்

சென்ற பிப்ரவரிக்கு ஐந்து தமிழ் நாவல்களைப் பட்டியலிட்டுவிட்டு, மாத முடிவில் ஒன்றரை நாவலோடு நின்றேன். பிழை எங்கே என்று தேடித் திருத்திக்கொண்ட முறையை, முதன்முறையாகத் திட்டமிடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியை எடுத்து, வாசிக்க முடியாத மாலைகளை அடித்துவிடுங்கள். மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் விரதம் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த மாலைகள் கோவிலிலேயே கழிவதால், 28 நாட்களில் எனக்கு மிஞ்சியவை 18 மட்டுமே. ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில் செல்லும் நேரத்தையும் முன்பு சேர்த்திருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டு பக்கம் புரட்ட முடியவில்லை என்பதால் நீக்கிவிட்டேன்.

அடுத்து வேகத்தை அளக்க வேண்டும். நான் இடறியது இங்கேதான். அலுவலகத்தில் நாள் முழுவதும் பிரெஞ்சு படித்துப் பழகிய கண்ணுக்குத் தமிழும் அதே வேகத்தில் ஓடும் என்று எண்ணியிருந்தேன். கைப்பேசியில் 15 நிமிடம் வைத்து அளந்தபோது, பிரெஞ்சு நாவலில் 14 பக்கமும் தமிழ் நாவலில் 9 பக்கமும்தான் வந்தன. ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே மூச்சில் நீளும் சொல்லின் நடுவில் கண் நின்றுவிடுகிறது. உரையாடல் வட்டார வழக்கில் இருந்தால் இன்னும் தாமதம். ஆகவே மொழிவாரியாகத் தனித்தனியே அளங்கள். பாத்திரங்களின் உறவுமுறை பிடிபடாத முதல் அத்தியாயத்தில் அளக்காமல், 30ஆம் பக்கத்துக்குமேல் அளப்பது நல்லது.

பிறகு பெருக்கல்தான்: மாலைக்கு 45 நிமிடம் என்றால் 27 பக்கம், 18 மாலைக்கு 486 பக்கம். எதிர்பாராத தடங்கல்களுக்காக அதில் கால்பங்கைத் தள்ளினால் ஏறக்குறைய 365 பக்கம். 250 பக்க நாவல் ஒன்றும், நூறு பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் அதற்குள் அடங்கும்.

இதற்கெனச் செயலிகள் உண்டு; எனக்குக் கோடுபோட்ட நாற்பது பக்க நோட்டே போதும், ஏனெனில் செயலியைத் திறந்த கை அடுத்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறது.

பின்சேர்க்கை: தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிடும் ‘மதுரைத் திட்டம்’ என்னும் தன்னார்வ முயற்சியின் இலவச மின்னூல்களை வாசிப்பவர் ஒருவர், தம் கணக்கு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். மின்னூலின் பக்கமும் அச்சுப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. எந்தக் கோப்பை வாசிக்கப்போகிறீர்களோ, அதே கோப்பில், அதே எழுத்தளவில் 15 நிமிடம் அளந்துகொள்ளுங்கள்.